தையல் வேலை பார்த்த பாலின் தொகுத்த வம்சாவளி

உங்க தாத்தா எதனால் இறந்தார்? உங்க அம்மாவழிப் பாட்டி?

யோசிச்சுப் பாருங்க. "வயசாயிடுச்சு", "வயித்துல ஏதோ கட்டின்னாங்க", "கர்ப்பப்பைய எடுத்தாங்க, அப்புறம் தேறவே இல்ல". நம்மில் பலருக்கு இதுக்கு மேல தெரியாது.

இதே கேள்விக்கு ஒரு குடும்பம் நூறு வருஷத்துக்கும் மேல பதில் எழுதி வெச்சிருக்கு. ஜெர்மானிய மண்ணிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோன குடும்பம். அவங்க எழுதி வெச்ச அந்தக் கணக்கு, இன்னைக்கு உலகம் முழுக்க எத்தனையோ பேரைப் புற்றுநோயிலிருந்து காப்பாத்திட்டு இருக்கு.

மருத்துவ இதழ்களில் அந்தக் குடும்பத்தின் பெயர் 'ஜி குடும்பம்'. கொஞ்சம் நீளமான த்ரெட்தான். பொறுமையா வாசிங்க.

1831-ல் ஆரம்பிப்போம். அப்போ ஜெர்மனி என்று ஒரு நாடே கிடையாது. அது 1871-ல்தான் வருது. அதுக்கு முன்னாடி சின்னச் சின்ன அரசுகள். அதில் ஒண்ணு தென்மேற்கே இருந்த வூர்ட்டம்பெர்க். தலைநகரம் ஸ்டுட்கார்ட்.

அந்தப் பகுதியில் பரவலா ஒரு வழக்கம் இருந்தது. அப்பா இறந்தால் நிலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சரிசமமா பங்கு பிரியும். கேட்க நியாயமா இருக்கு. ஆனா நாலு தலைமுறை தாண்டினால் என்ன மிஞ்சும்? ஒரு குடும்பத்துக்குச் சோறு போடாத துண்டு நிலம். பாகப்பிரிவினை பார்த்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். இதோடு 1816-ல் வந்த பெரும் பஞ்சம். இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை 1815-ல் வெடித்து, அந்தச் சாம்பல் வானத்தை மூடி, அடுத்த வருஷம் ஐரோப்பாவில் கோடையே வராமல் போனது. அந்தப் பசியை நேரில் பார்த்த தலைமுறைதான் மூட்டையைக் கட்டியது.

அப்படிக் கிளம்பியவர்களில் ஒருத்தர்தான் இந்தக் குடும்பத்தின் மூதாதை. 1831-ல் மிச்சிகன் வந்து சேர்ந்தார்.

மிச்சிகன் அப்போ மாநிலமாகக்கூட ஆகவில்லை, அது 1837-ல்தான். அங்கே காலங்காலமா இருந்த பூர்வகுடிகளிடமிருந்து 1807 உடன்படிக்கை மூலமா அமெரிக்க அரசு நிலத்தை எடுத்துக்கிட்டு, ஏக்கர் ஒண்ணேகால் டாலருக்கு வித்துக்கிட்டு இருந்தது. 1825-ல் ஈரி கால்வாய் திறந்திருந்தது. நியூயார்க்கில் கப்பல் இறங்கி, கால்வாய்ப் படகில் ஏரி வரை போய், ஏரியைக் கடந்து டெட்ராய்ட், அங்கிருந்து காட்டு வழியில் மாட்டு வண்டி. அந்தக் காலத்தில் மிச்சிகன் போனவங்களில் பெரும்பாலானவங்க போன வழி இதுதான்.

நம்ம ஆளும் ஆன் ஆர்பர் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் குடியேறினார். சுத்திலும் அவரைப் போலவே வூர்ட்டம்பெர்க்கிலிருந்து வந்த குடும்பங்கள். அதே பேச்சு, அதே சாப்பாடு. 1833-ல் ஃபிரெட்ரிக் ஷ்மிட் என்ற போதகர் வந்து அவங்களுக்கு ஒரு ஜெர்மன் தேவாலயமும் அமைச்சார்.

அவருக்குப் பத்துப் பிள்ளைகள். ஊரில் துண்டு துண்டாகப் போன நிலம் இங்கே ஏக்கர் கணக்கில் கிடைத்தது.

ஆனா அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்தது நிலம் மட்டும் இல்ல. அவருக்கே தெரியாமல் இன்னொன்றும் கொடுத்தார். நிலம் பங்கு பிரியப் பிரியக் குறையும். இது எத்தனை பேருக்குப் பிரிச்சாலும் குறையாது.

1895. ஆன் ஆர்பர் இப்போ பல்கலைக்கழக ஊர். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1837-லேயே அங்கே இடம் மாறி வந்திருந்தது. அங்கே நோயியல் துறையில் ஒரு இளம் மருத்துவர், ஆல்ட்ரெட் ஸ்காட் வார்தின்.

எம்பிபிஎஸ் படிச்சவங்களுக்கு இந்தப் பேர் உடனே மண்டையில் அடிக்கும். காதுக்குக் கீழே இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் 'வார்தின் ட்யூமர்'. ஆமா, அதே வார்தின்தான்.

அவருக்குத் தெரிந்த ஒரு தையல்காரப் பெண், பெயர் பாலின் கிராஸ். வயசு இருபதுகளின் ஆரம்பம். நல்ல ஆரோக்கியம். ஆனா அந்தப் பெண் எப்பவும் சோர்ந்தே இருந்தார். என்னம்மா விஷயம் என்று கேட்டபோது பாலின் சொன்ன பதிலின் சாரம் இது: நான் சின்ன வயசிலேயே செத்துப் போயிடுவேன். எங்க குடும்பத்தில் பாதிப் பேர் அப்படித்தான் போறாங்க. கர்ப்பப்பை, வயிறு, குடல், இதில் ஏதாவது ஒண்ணில் புற்றுநோய் வரும்.

இருபத்து சொச்சம் வயசுப் பெண் வேற எந்த டாக்டர்கிட்ட இதைச் சொல்லியிருந்தாலும் என்ன பதில் கிடைச்சிருக்கும்? "மனசைப் போட்டுக் குழப்பிக்காதம்மா, நல்லா சாப்பிட்டுத் தூங்கு."

வார்தின் அப்படிச் சொல்லலை. அவங்க எல்லாரையும் பத்தி எனக்கு விவரம் சொல்லுன்னு கேட்டார்.

இங்கே ஒண்ணைக் கவனிங்க. அது 1895. மெண்டலின் பட்டாணிச் செடி ஆராய்ச்சியை உலகம் மறந்து போயிருந்த காலம். 1900-ல்தான் அதை மறுபடி தூசு தட்டி எடுத்தாங்க. 'ஜீன்' என்ற சொல் பிறந்ததே 1909-ல். பரம்பரை எப்படிக் கடத்தப்படுதுன்னு மருத்துவ உலகம் தெரிஞ்சுக்கிறதுக்கு முன்னாடியே, ஒரு தையல்காரப் பெண் தன் குடும்பத்தில் எது இறங்கி வருதுன்னு கண்டுபிடிச்சு, எந்தெந்த உறுப்பில் வரும்னும் சரியாச் சொல்லிட்டார்.

பாலின் வேலையில் இறங்கினார். சித்தப்பா, அத்தை, அவங்க பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள். யார் எப்போ இறந்தாங்க, எந்த நோயில், எந்த வயசில் என்று வருஷக்கணக்கில் சேர்த்து வார்தினிடம் கொடுத்தார். வார்தின் நோயியல் மருத்துவர் என்பதால், மிச்சிகன் ஆஸ்பத்திரிக்கு வந்த சொந்தங்களின் திசுக்களை மைக்ரோஸ்கோப்பில் சரிபார்க்க முடிந்தது. அவர் ஆய்வகம், இவர் வம்சாவளி. இரண்டும் சேர்ந்து பதினெட்டு வருஷம்.

1913-ல் வார்தின் கட்டுரை வெளியானது. புற்றுநோயில் இறந்த அந்த ஜெர்மன் தாத்தாவின் 48 வாரிசுகளில் 17 பேர் புற்றுநோயில் இறந்தோ, அதுக்காக அறுவை சிகிச்சை செய்தோ இருந்தாங்க. 10 பேருக்குக் கர்ப்பப்பை. 7 பேருக்கு வயிறு.

மருத்துவ உலகம் கொண்டாடியிருக்கும்னு நினைக்கிறீங்களா? இல்லை. புற்றுநோய் பரம்பரையா வரும்னு நம்ப அன்னைக்குப் பெரிசா யாரும் தயாரா இல்லை.

1919-ல் பாலின் கிராஸ் இறந்தார். வயது 46. கர்ப்பப்பையின் உட்சுவரில் வந்த புற்றுநோய்.

24 வருஷத்துக்கு முன்னாடி சொன்ன மாதிரியே.

கதையில் ஒரு கசப்பான பகுதியும் உண்டு. அதை மறைச்சால் வரலாறு ஆகாது.

வார்தின் யூஜெனிக்ஸ் கொள்கையை நம்பியவர். மனிதரை 'நல்ல வித்து, கெட்ட வித்து' என்று பிரித்து, கெட்டது பெருகக் கூடாது என்ற எண்ணம். அன்றைய அமெரிக்காவில் படித்தவர்கள் பலர் இதை அறிவியல்னே நம்பினாங்க. 1907-ல் இண்டியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டமே கொண்டு வந்தது. பின்னால் மற்ற மாநிலங்களும் சேர்ந்துக்கிட்டன. பிறகு ஹிட்லரின் நாஜி ஆட்சி இதே எண்ணத்தை எங்கே கொண்டு போய் நிறுத்தியதுன்னு உங்களுக்குத் தெரியும்.

பாலின் தேடியது தன் சொந்தங்கள் ஏன் சாகிறாங்க என்பதற்கான பதில். அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தக் குடும்பத்தையே தரம் குறைந்த வம்சமாகப் பார்க்கவும் அன்றைக்கு ஆள் இருந்தது. 'குடும்பத்தில் நோய் இருக்கு'ன்னு வெளியே சொல்ல ஜனங்க ஏன் பயப்படுறாங்க என்பதற்கு இதைவிட வேற காரணம் வேண்டாம். அந்தப் பயம் இன்னைக்கும் நம்ம வீடுகளில் இருக்கு, கல்யாணப் பேச்சு எடுக்கும்போது பாருங்க.

வார்தின் 1931-ல் காலமானார். அவருக்குப் பின் அதே துறைக்கு வந்த கார்ல் வெல்லர் அந்தக் கோப்புகளைத் தூக்கிப் போடாமல் காப்பாற்றினார். 1936-ல் அவரும் ஹவுசரும் சேர்ந்து இன்னொரு கட்டுரை எழுதினாங்க. அதுக்கப்புறம் முப்பது வருஷத்துக்குப் பெரிசா சத்தம் இல்லை.

அடுத்த காட்சி ஒமாஹா, நெப்ராஸ்கா மாநிலம். 1960-களின் ஆரம்பம்.

முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி. அளவுக்கு மீறிய குடி. குடியை நிறுத்தியதும் வரும் நடுக்கமும் பிதற்றலும் அடங்கித் தேறி வந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்தவர் ஹென்றி லிஞ்ச் என்ற பயிற்சி மருத்துவர். பதினாறு வயசில் வயசை மாத்திச் சொல்லிக் கடற்படையில் சேர்ந்தவர், அப்புறம் குத்துச்சண்டை வீரர், அதுக்கப்புறம் மரபியல் படித்து, கடைசியில் மருத்துவர் ஆனவர். ஆறடிக்கு மேல் உயரம்.

ஏன் இப்படிக் குடிக்கிறீங்கன்னு கேட்டார். அதுக்கு அந்த மனிதர் சொன்னது: எப்படியும் நான் குடல் புற்றுநோயில் சாகப் போறேன். எங்க குடும்பத்தில் எல்லாரும் அதில்தான் சாகிறாங்க.

அவரும் பாலினும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததில்லை. ரெண்டு பேருக்கும் நடுவில் அறுபத்து சொச்சம் வருஷம். ஆனா பேச்சு ஒண்ணேதான்.

லிஞ்சும் வார்தின் செய்ததையே செய்தார். நம்பினார். சமூகப் பணியாளர் ஆன் க்ரஷ் உடன் சேர்ந்து அந்தக் குடும்பத்தை வீடு வீடாகத் தேடிப் போனார். 1966-ல் இதுபோன்ற இரண்டு குடும்பங்களைப் பற்றிக் கட்டுரை வந்தது. பலர் ஏற்கலை. எல்லாரும் ஒரே ஊரில், ஒரே தண்ணி குடிக்கிறவங்க, சுற்றுச்சூழலாக இருக்கும் என்றார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு எழுதினால் திரும்பத் திரும்ப நிராகரிப்பு.

அந்த நேரத்தில்தான் மிச்சிகன் நோயியல் துறையின் ஜேம்ஸ் ஃபிரெஞ்ச், 'எங்ககிட்ட ஒரு பழைய குடும்பத்தின் கோப்பு இருக்கு, நீங்க தொடருங்க' என்று பாலின் ஆரம்பித்த அந்த ஆவணங்களை லிஞ்சிடம் ஒப்படைத்தார்.

1971-ல் லிஞ்சும் க்ரஷ்ஷும் ஜி குடும்பத்தின் புதுக் கணக்கை வெளியிட்டாங்க. ரத்த சொந்தங்கள் 650-க்கும் மேல். அதில் 95 பேருக்குப் புற்றுநோய். வார்தின் காலத்தில் வயிற்றுப் புற்று அதிகம் இருந்தது. இப்போ அந்த இடத்தைப் பெருங்குடல் புற்று பிடித்திருந்தது. அமெரிக்கா முழுவதுமே அந்தக் காலகட்டத்தில் வயிற்றுப் புற்று குறைந்தது. அதாவது பரம்பரைக் கோளாறு அதேதான், ஆனா அது எந்த உறுப்பில் வெளிப்படும் என்பதில் வாழும் சூழலுக்கும் பங்கு இருக்கு. தலைமுறை தலைமுறையா எழுதி வெச்சதால்தான் இது தெரிந்தது.

1993-ல் எம்.எஸ்.எச்-2 என்ற ஜீன் கண்டுபிடிக்கப்பட்டது.

அது என்ன வேலை செய்யுது? அச்சகத்தில் மெய்ப்பு பார்க்கிறவர் இருப்பார் இல்லையா, அந்த வேலை. ஒவ்வொரு தடவை செல் பிரியும்போதும் டிஎன்ஏ முழுசும் நகல் எடுக்கப்படுது. கோடிக்கணக்கான எழுத்துகள். அங்கங்கே எழுத்துப் பிழை விழத்தான் செய்யும். அதைக் கண்டுபிடிச்சுத் திருத்தும் குழுவில் எம்.எஸ்.எச்-2 ஒருத்தர்.

நம்ம எல்லாருக்கும் இந்த ஜீனில் ரெண்டு பிரதி, அப்பாகிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணு. ஒண்ணு பிறவியிலேயே பழுதா இருந்தாலும் இன்னொண்ணு வேலையைப் பார்த்துக்கும். அதனால் குழந்தையில் ஒண்ணும் தெரியாது. முப்பது, நாற்பது வயசில் ஏதோ ஒரு செல்லில் அந்த ரெண்டாவது பிரதியும் போகும். அந்த செல்லில் திருத்த ஆளில்லை. பிழை மேல பிழை சேர்ந்து புற்றுநோயாகுது.

முப்பது நாற்பதுன்னா, அதுக்குள்ள பிள்ளைகள் பிறந்திருக்கும். நோய் வெளியே தெரியுறதுக்கு முன்னாடியே பரம்பரை அடுத்த தலைமுறைக்குப் போயிடுது. பத்துப் பிள்ளை பெற்ற அந்த ஜெர்மன் மனிதருக்கு எதைக் கொடுக்கிறோம்னு எப்படித் தெரிந்திருக்கும்?

2000-ல் ஜி குடும்பத்துக்கே உரிய அந்தப் பழுது, எம்.எஸ்.எச்-2 ஜீனில், உறுதியானது. பாலின் வாய் திறந்து 105 வருஷம் கழித்து. 2005-ல் மிச்சிகன் ஆராய்ச்சியாளர்கள் எழுதியபோது வம்சாவளியில் 900-க்கும் அதிகமான வாரிசுகள் இருந்தாங்க.

இந்த நோய்க்கு இன்னைக்குப் பெயர் 'லிஞ்ச் சிண்ட்ரோம்'. பாலின் பெயர் எந்தப் பாடப்புத்தகத் தலைப்பிலும் இல்லை. அந்த வம்சத்தில் வந்த கனடா எழுத்தாளர் ஏமி மெக்கே, தன் குடும்பக் கதையை 2019-ல் புத்தகமாக எழுதி பாலினுக்கு உரிய இடத்தைக் கொடுத்தார். அவரும் அந்த ஜீன் பழுது உள்ளவர்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன்.

பாலின் 'பாதிப் பேர்' என்று சொன்னது மரபியல் கணக்குப்படியும் சரியே. அப்பா அல்லது அம்மாவுக்குப் பழுது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர வாய்ப்பு சரிபாதி. பூவா தலையா மாதிரி. வராத பிள்ளைக்கு? அங்கேயே முடிந்தது. அந்தப் பிள்ளையிடம் இல்லாத ஒன்று பேரனுக்குப் போகாது. ஒரு தலைமுறை விட்டு அடுத்த தலைமுறையில் வந்து குதிக்கிற வேலை இதில் கிடையாது.

ஜி குடும்பத்தின் எத்தனையோ கிளைகளில் பல வருஷங்களுக்கு முன்னாடியே அது நின்று போச்சு. ஆனா அந்தக் கிளைகளில் இருந்தவங்களும் 'நமக்கும் வரும்' என்ற பயத்தோடுதான் வாழ்ந்தாங்க. பரிசோதனை வந்த பிறகுதான், உனக்கு இல்லைம்மா, நீ நிம்மதியா போ என்று சொல்ல முடிந்தது.

பழுது இருக்கிறவங்களுக்கு? அவங்களுக்கும் வழி இருக்கு. ஃபின்லாந்தில் இப்படிப்பட்ட 22 குடும்பங்களைச் சேர்ந்த 252 பேரை 15 வருஷம் பின்தொடர்ந்தாங்க. அதில் 133 பேர் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பெருங்குடல் பரிசோதனை செய்துக்கிட்டாங்க. 119 பேர் செய்துக்கலை. செய்தவங்களில் 8 பேருக்குக் குடல் புற்று வந்தது, அதில் இறந்தவர் யாரும் இல்லை. செய்யாதவங்களில் 19 பேருக்கு வந்தது, 9 பேர் இறந்தாங்க.

காரணம் எளிது. குடலில் முதலில் பாலிப் என்ற சின்ன மொட்டு வரும். கொலோனோஸ்கோப்பி செய்யும்போதே அதை வெட்டி எடுத்துடலாம். புற்றாக மாற அது இருக்கவே இருக்காது. இப்போ இவங்களுக்கு இந்தப் பரிசோதனையை இருபதுகளிலேயே ஆரம்பிச்சு, ஒன்று இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்றோம்.

ஒமாஹாவில் குடித்தே தன்னை அழிச்சுக்கிட்ட அந்த மனிதர் விதின்னு நினைச்சது, ஒரு பரிசோதனைத் தேதியாக மாறிடுச்சு.

சரி, இதைப் படிச்சதும் பயப்பட வேண்டாம். புற்றுநோய்களில் பெரும்பாலானவை பரம்பரை இல்லை. நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான் அப்படி வருது. பெருங்குடல் புற்றில் லிஞ்ச் சிண்ட்ரோமின் பங்கு சுமார் 3 சதவீதம். நம்ம ஊரில் அதிகம் பார்க்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. அது வைரஸால் வருவது. இங்கே நான் சொல்வது கர்ப்பப்பையின் உட்சுவரில் வருவது.

யார் யோசிக்கணும்? 3-2-1 என்று ஞாபகம் வெச்சுக்கோங்க.

3: நெருங்கிய ரத்த சொந்தங்களில் மூன்று பேருக்குக் குடல், கர்ப்பப்பை உட்சுவர், சிறுநீர்க்குழாய் போன்ற இடங்களில் புற்றுநோய். அதில் ஒருத்தர் மற்ற இருவருக்கும் அப்பா, அம்மா, உடன்பிறப்பு அல்லது பிள்ளையாக இருக்கணும்.

2: அடுத்தடுத்த இரண்டு தலைமுறைகளில்.

1: அதில் ஒருத்தருக்காவது 50 வயசுக்கு முன்னாடி.

1990-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடி மருத்துவர்கள் வகுத்து, பின்னால் விரிவாக்கிய விதி இது. இது பொருந்தலைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் இல்லை. பொருந்தினால் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்க.

சொல்றதுக்கு முதலில் தெரியணும் இல்லையா? அதனால் ஒரு வேலை தர்றேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தாத்தா பாட்டியிலிருந்து ஆரம்பிங்க. அப்பா வழி, அம்மா வழி ரெண்டும். வேற ஊருக்குக் கல்யாணம் ஆகிப் போன அத்தை, சித்தி எல்லாரையும் சேருங்க. நம்ம வம்சாவளியில் பொண்ணுங்க பேரைத்தான் முதலில் விடுறோம், ஜீன் அப்படி விடாது. ஒவ்வொருத்தர் பேருக்கும் நேரா மூணு விஷயம்: என்ன நோய், எந்த உறுப்பில், எந்த வயசில் கண்டுபிடிச்சாங்க. கர்ப்பப்பை எடுத்திருந்தால் ஏன் எடுத்தாங்க. பழைய பயாப்சி ரிப்போர்ட் இருந்தால் தூக்கிப் போடாதீங்க, அதே நோட்டில் வெச்சுடுங்க.

வீட்டில் பெரியவங்க இருக்கும்போதே கேட்டுடுங்க. அவங்களோடு சேர்ந்து அந்த விவரமும் போயிடும்.

டாக்டர் "குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்துச்சா?"ன்னு கேட்கும்போது, கூட்டத்தைப் பார்த்து அவசரத்தில் "இல்ல சார்"ன்னு சொல்லிடாதீங்க. நோட்டை எடுத்து நீட்டுங்க.

எங்க தரப்புக்கும் ஒரு வார்த்தை. ஒரு நோயாளி 'எங்க குடும்பத்தில் எல்லாரும் இதில்தான் போனாங்க'ன்னு சொன்னால், அது பயம் இல்லை, தகவல். வார்தினும் லிஞ்சும் நம்மைவிட அதிகம் தெரிஞ்சவங்க இல்லை. ஜீன் பரிசோதனை இல்லை, ஸ்கேன் இல்லை. எதிரில் இருந்தவர் சொன்னதை உட்கார்ந்து கேட்டாங்க, அவ்வளவுதான்.

இந்த த்ரெட்டை உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்க. போடும்போதே கூடவே கேளுங்க: "நம்ம தாத்தா எதனால் இறந்தார், யாருக்காவது சரியாத் தெரியுமா?"